கேழ்வரகு மாவு டப்பா

டப்பாவைத் திறந்தால் உள்ளே கேழ்வரகு மாவு. வெளியே லேபிளில் பாதியைக் காணோம். புஜத்தை மடக்கிக் காட்டும் ஒருவனின் தோள்பட்டையும் ‘மாஸ்’ என்கிற எழுத்தும்தான் மிச்சம்.

“பவுடர் தீர்ந்ததும் கழுவிக் காயவெச்சு மாவு கொட்டிட்டேங்க வக்கீலம்மா. மூடி நல்லா இறுக்கமா இருக்குது, பூச்சி அண்டாது” என்றார் அந்த அம்மா. பென்னாகரம் பக்கத்துக் கிராமம். மகளைக் கூட்டிக்கொண்டு தருமபுரியில் பஸ் மாறி கிருஷ்ணகிரிக்கு வந்திருந்தார். மகள் குண்டு எறிதல் வீராங்கனை, 20 வயது. ஒரு தேசியப் போட்டியில் அவளிடம் எடுத்த சிறுநீர் மாதிரியில் மெட்டான்டியனோன் என்கிற தசை ஏற்றும் ஸ்டீராய்டு இருந்ததாக தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையிலிருந்து, அதாவது நாடாவிலிருந்து, மின்னஞ்சல் வந்திருந்தது. ஜிம் பையன்கள் டையனாபால் என்று சொல்வது அதைத்தான்.

மேசைமேல் பேப்பரை விரித்து மாவைக் கொட்டிவிட்டு டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் பேட்ச் எண்ணும் தயாரித்த தேதியும் அழியாமல் இருந்தன. அந்த வாரம் என் காதில் விழுந்த, கண்ணில் பட்ட ஒரே நல்ல சங்கதி அதுதான்.

இந்தக் கேஸுக்கு அப்புறம் வருகிறேன். ஜிம் வாசலில்கூட ஒதுங்காத நான் இந்த வேலையில் வந்து விழுந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கிருஷ்ணகிரி நெடுஞ்சாலைகள் கூடும் ஊர். இங்கே வக்கீல்கள் பட்டினி கிடப்பதில்லை என்றால் அதற்கு விபத்து இழப்பீட்டு வழக்குகள் ஒரு காரணம். நானும் அதையும் பாகப்பிரிவினையையும்தான் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2021இல் ஒரு ராத்திரி, மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். கொழுந்தன் ஜிம் வைத்திருக்கிறானாம். பிரிட்ஜில் ஊசி மருந்து இருந்தது என்று போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டதாம்.

மறுநாள், போலீஸ் கைப்பற்றியதையெல்லாம் எழுதிய மகஜரின் நகல் கைக்கு வந்தது. முட்டை அட்டைக்கு அடியில் பேப்பரில் சுற்றி வைத்திருந்த 37 குப்பிகள், மூன்று புரோட்டீன் டப்பா, ஒரு கிரியேட்டின், ஒரு பெட்டி சிரிஞ்சு, இரண்டு டஜன் முட்டை. ஆமாம், முட்டையையும் எழுதியிருந்தார்கள். எல்லாம் ஒரே பட்டியலில், வரிசை எண் போட்டு.

அந்தப் பட்டியலைப் பிரித்துப் படிக்கக் கற்றுக்கொண்டதுதான் இந்தத் துறையில் எனக்குக் கிடைத்த முதல் பாடம். புரோட்டீனும் கிரியேட்டினும் சட்டத்தின் கண்ணில் உணவு. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், உணவுப் பாதுகாப்பு அலுவலர், பெரும்பாலும் அபராதம். டெஸ்டோஸ்டிரோன், நாண்ட்ரோலோன், ஸ்டானோசோலால் மாதிரி தசை ஏற்றும் ஸ்டீராய்டுகள் எல்லாம் மருந்து. 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், மருந்து ஆய்வாளர், ஜெயில். ஒரே பிரிட்ஜில் இருந்தாலும் பாதை வேறு, அதிகாரி வேறு, கெடு வேறு. டப்பாவுக்குப் பதில் சொல்கிற வேகத்தில் குப்பிக்கும் சேர்த்து வாக்குமூலம் கொடுத்துவிடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

“கஞ்சா கேஸ் மாதிரியாங்க மேடம்?” என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். இல்லை. தசை ஏற்றும் ஸ்டீராய்டுகள் நம் போதைப்பொருள் சட்டத்தில் வருவதில்லை. அமெரிக்காவில் 1990இல் தனிச்சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களின் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். அங்கே மருத்துவர் சீட்டு இல்லாமல் கையில் வைத்திருந்தாலே குற்றம். பையன்கள் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு ஒன்று வீணாகப் பயப்படுகிறார்கள், இல்லையென்றால் வீணாகத் தைரியப்படுகிறார்கள். நம் ஊரில் இவை ஷெட்யூல் எச் மருந்துகள். மருத்துவர் சீட்டுக்கு, உரிமம் உள்ள மருந்துக்கடைதான் விற்கலாம். உரிமம் இல்லாமல் விற்பதும் விற்பதற்காக இருப்பு வைப்பதும் மருந்துச் சட்டத்தின் பிரிவு 18(சி)யை மீறுவது. பிரிவு 27(பி)யின்படி குறைந்தது 3 வருஷம், 5 வருஷம் வரை போகலாம். அபராதம் 1 லட்சம் ரூபாய் அல்லது பிடிபட்ட சரக்கின் மதிப்பைப்போல மூன்று மடங்கு, இரண்டில் எது அதிகமோ அதற்குக் குறையாமல். தகுந்த காரணத்தைத் தீர்ப்பில் எழுதி நீதிபதி குறைக்கலாம் என்று ஒரு வரி உண்டு. அதை நம்பி யாரும் தொழில் செய்ய வேண்டாம்.

ஆக, ‘விற்பதற்காகவா’ என்ற கேள்வியில்தான் கேஸே நிற்கிறது. இரண்டு குப்பி என்றால் என் உடம்புக்கு என்று சொல்லலாம். 37 குப்பி, போனில் விலைப்பட்டியல், ஜிபேயில் வரிசையாக 1,800, 1,800 என்று வரவு. வாதாடப் பழகிய எனக்கே வாய் வரவில்லை.

ஆனால் வேறு ஒரு வழி இருந்தது. சீனியர் ஒருவர்தான் சொன்னார்: “போன வருஷத் தீர்ப்பைப் படிச்சியாம்மா?” 2020 ஆகஸ்டில் அசோக்குமார் சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: மருந்துச் சட்டத்தின் நான்காம் அத்தியாயக் குற்றங்களுக்கு, அதாவது தயாரிப்பு, விற்பனை பற்றிய குற்றங்களுக்கு, போலீஸ் தானாக எஃப்ஐஆர் போட முடியாது. பிரிவு 32இல் சொல்லியிருக்கிற மருந்து ஆய்வாளர் போன்றவர்கள்தான் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்ய வேண்டும். அந்தத் தீர்ப்பை வைத்து ஜாமீன் வாங்கினேன். அண்ணிக்காரி கோயிலுக்குப் போய்விட்டு வந்து பிரசாதம் கொடுத்தாள். நானும் ஜெயித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன். சில மாதம் கழித்து மருந்து ஆய்வாளர் முறைப்படி செஷன்ஸ் கோர்ட்டில் புகார் தாக்கல் செய்தார். கேஸ் முதலிலிருந்து ஆரம்பித்தது, இன்னும் வாய்தாவில் இருக்கிறது. ஓட்டையைக் காட்டி வாங்கும் வெற்றிக்கு ஆயுசு கம்மி. இப்போதெல்லாம் கட்சிக்காரரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

அதே கேஸில் என் தப்பும் ஒன்று உண்டு. மருந்து ஆய்வாளர் மாதிரியை ஆய்வுக்கு அனுப்பினால் அரசுப் பகுப்பாய்வாளரின் அறிக்கை படிவம் 13இல் வரும். அதன் நகலை, யாரிடமிருந்து மாதிரி எடுத்தார்களோ அவரிடம் கொடுப்பார்கள். அது கைக்கு வந்த 28 நாளுக்குள் ‘இதை மறுத்துச் சாட்சியம் கொடுக்கப்போகிறேன்’ என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால்தான் மாதிரியின் இன்னொரு பகுதியைக் கொல்கத்தாவில் உள்ள மத்திய மருந்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பக் கேட்கலாம். விட்டால் அந்த அறிக்கையே முடிந்த முடிவு. என் கட்சிக்காரன் நகலைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, ஜிம் மேசை டிராயரில், கரண்ட் பில்லோடு போட்டு வைத்திருக்கிறான். எனக்குத் தெரிந்தபோது 41 நாள் ஆகியிருந்தது. அவனைத் திட்டினேன். ராத்திரி படுத்த பிறகு யோசித்தால், வக்காலத்தில் கையெழுத்து வாங்கிய நான் ‘ஏதாவது காகிதம் வந்தால் உடனே கொண்டு வா’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது உள்ளே வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, என்ன செய்தீர்கள் என்றல்ல. “எதுலயாவது கையெழுத்துப் போட்டு வாங்கினீங்களா? எந்தத் தேதி?”

இன்னொன்று, சரக்கு கொடுத்தவனைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று அவன் அடம்பிடித்தான். “அண்ணன் மாதிரிங்க மேடம்.” ஆய்வாளர் கேட்டால் யாரிடமிருந்து வாங்கினோம் என்று பெயர், விலாசம் சொல்லியாக வேண்டும் என்கிறது பிரிவு 18ஏ. சொல்லாவிட்டால் அதுவே தனிக் குற்றம், ஒரு வருஷம் வரை சிறை. கேஸ் வந்த நாளிலிருந்து அந்த அண்ணன் போனையே எடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

பார் அசோசியேஷனில் எனக்கு ‘ஸ்டீராய்டு மேடம்’ என்று பெயர் வந்தது இதற்குப் பிறகுதான். அமெரிக்காவில் இதை மட்டுமே தொழிலாகப் பார்க்கும் வக்கீல்கள் இருக்கிறார்கள். நாம் அப்படி போர்டு வைக்க முடியாது. பார் கவுன்சிலின் விதி 36இன்படி, இன்ன வகை வேலையில் தேர்ந்தவர் என்று பெயர்ப்பலகையில் எழுதுவதே தப்பு. அதனால் என் போர்டில் பி.ஏ., பி.எல். மட்டும்தான். ஆள் வருவதெல்லாம் ஒரு ஜிம்மிலிருந்து இன்னொரு ஜிம்முக்குக் காதோடு காதாகப் போய்.

வருகிறவர்களில் பாதிப்பேர் ஸ்டீராய்டு என்று சொல்வது ஸ்டீராய்டே அல்ல. மெபென்டர்மின் என்று ஒரு ஊசி. ஆபரேஷன் மேசையில் மயக்க ஊசி போட்டபின் ரத்த அழுத்தம் இறங்கினால் ஏற்றுவதற்கு மயக்க மருத்துவர் போடுவது. போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகும் பையன்கள் இதைப் போட்டுக்கொண்டு விடியற்காலையில் மைதானத்தில் நிற்கிறார்கள். இதயம் படபடவென்று அடிப்பதைத் தெம்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். இதுவும் மருந்துதான், இதற்கும் அதே 18(சி)தான். ஊசி போட்டுக்கொள்கிறவனை விட, நாலு நண்பர்களுக்காகச் சேர்த்து வாங்கி வந்து பங்கு பிரித்துக் காசு வாங்கியவன்தான் மாட்டுகிறான். லாபம் வைக்கவில்லை என்று அவன் சொல்வது உண்மையாகக்கூட இருக்கும். உண்மையாக இருந்து என்ன செய்ய, ஜிபேயில் ‘பங்கு’ என்று தெரியாதே.

ஓசூரில் சப்ளிமெண்ட் கடை வைத்திருக்கும் ஒருவரின் கேஸ்தான் நான் நிம்மதியாக முடித்தது. மாதிரி எடுத்தார்கள், சேலத்து உணவுப் பகுப்பாய்வுக் கூடத்திலிருந்து லேபிள் சரியில்லை என்று அறிக்கை வந்தது. தப்பான லேபிளுக்கு 3 லட்சம் வரை அபராதம் போடலாம். அந்த மனிதர் ஒவ்வொரு டிஸ்ட்ரிபியூட்டர் பில்லையும் மாத வாரியாகக் கோர்த்து வைத்திருந்தார். பில்லின் அடியில், இந்தப் பொருளின் தன்மைக்கும் தரத்துக்கும் நாங்கள் பொறுப்பு என்கிற உத்தரவாத வரியும் இருந்தது. பாரம் அவர் தலையிலிருந்து இறங்கி அனுப்பியவர் பக்கம் போனது. ஆய்வறிக்கையை எதிர்க்கும் கெடு உணவில் 30 நாள், மருந்தில் 28 நாள். அந்த இரண்டு நாள் வித்தியாசம் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்திருக்கிறது.

சரி, அந்தப் பெண்ணுக்கு வருவோம்.

விளையாட்டு வீரர்களின் கேஸ் மேலே சொன்ன எதிலும் சேராது. போலீஸ் இல்லை, கோர்ட் இல்லை. 2022ஆம் ஆண்டு தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம், அதன்கீழ் ஒழுங்கு நடவடிக்கைக் குழு, அவ்வளவுதான். ஆனால் எந்தக் குற்ற வழக்கையும் விட இது கடினம். குற்ற வழக்கில் நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்புக்கு. இங்கே உடம்பில் மருந்து இருந்தது என்று ஆய்வுக்கூடம் சொல்லிவிட்டால் போதும். எப்படி உள்ளே போனது என்று நிரூபிக்கும் வேலை வீரர் தலையில். தெரியாது, யாரோ கலந்துவிட்டார்கள் என்றால் எடுபடாது. 2016இல் ரியோ ஒலிம்பிக்குக்குப் போன மல்யுத்த வீரர் நர்சிங் யாதவ், தனக்குச் சதி செய்து கொடுத்துவிட்டார்கள் என்றார். இங்கே அவரை விடுவித்தார்கள். சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் ஏற்கவில்லை, 4 வருஷம் தடை. அவர் வழக்கிலும் அதே மெட்டான்டியனோன்தான்.

அந்த அம்மாவுக்கு இதெல்லாம் புரியவில்லை. “ஸ்டீராய்டுன்னா கொரோனாவுல போட்டாங்களே, அதுங்களா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அது வீக்கத்தை அடக்கும் வகை, இது தசையை ஏற்றும் வகை, இரண்டும் வேறு என்று சொன்னேன். அதுவும் முழுக்க விலக்கு இல்லை. மூட்டு வலிக்கு டாக்டர் போடும் அந்த வகை ஊசியும் 2022 ஜனவரியிலிருந்து போட்டிக் காலத்தில் தடை. வைத்தியத்துக்குத் தேவைதான் என்றால் முன்கூட்டியே மருத்துவ விலக்கு வாங்கிக்கொள்ள வேண்டும்.

மகள் தலையே நிமிரவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் வந்தது. மாஸ் கெய்னர், அதாவது உடம்பு எடை ஏற்றும் பவுடர், அந்த டப்பா ஒரு கடையில் வாங்கியது. பில் இல்லை. கடைக்காரர் சொன்ன வேறு யாரோ ஒருவர் நம்பருக்குப் பணம் போட்டிருந்தாள். மாதிரி எடுத்தபோது நிரப்பும் படிவத்தில், கடந்த 7 நாளில் சாப்பிட்ட மருந்து, சப்ளிமெண்ட் என்று ஒரு கட்டம் இருக்கும். அதைக் காலியாக விட்டிருந்தாள். எழுதினால் சந்தேகப்படுவார்கள் என்று உடன் வந்த யாரோ சொன்னார்களாம். கட்டத்தில் அந்தப் பவுடரின் பெயர் இருந்திருந்தால், பிடிபட்ட பிறகு கட்டிய கதை என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. காலிக் கட்டம் என் கையைக் கட்டிப்போட்டது.

மின்னஞ்சல் இன்னொரு கூத்து. அவளுடைய ஐடியை யாரோ ஒரு பிரவுசிங் சென்டரில் திறந்து கொடுத்திருந்தார்கள், பாஸ்வேர்டு அவளிடம் இல்லை. முதல் கடிதம் வந்து 12 நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதே சிறுநீரில் இரண்டாவது பாட்டிலில் எடுத்து வைத்திருக்கும் பி மாதிரியைச் சோதிக்கக் கேட்கும் கெடு அதற்குள் போய்விட்டது.

கலப்படமான சப்ளிமெண்ட் என்பது கற்பனை வாதம் அல்ல. ஜெர்மனியின் கொலோன் ஆய்வுக்கூடம் 2004இல் வெளியிட்ட ஆய்வில், 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமெண்டுகளில் 94இல் லேபிளில் சொல்லாத ஹார்மோன் மூலப்பொருள்கள் இருந்தன. விதியிலும் இதற்கு இடம் உண்டு. கலப்படத்தை நிரூபித்து, பெரிய கவனக்குறைவு இல்லை என்றும் காட்டினால் வழக்கமான 4 வருஷத் தடை 2 வருஷமாகவோ அதற்குக் கீழேயோ இறங்கும், வெறும் கண்டிப்போடுகூட முடியலாம். ஆனால் திறந்த டப்பா செல்லாது, அதில் யாரும் எதையும் கலந்திருக்கலாம். அதே பேட்ச் எண்ணில் சீல் உடைக்காத டப்பா வேண்டும். அதனால்தான் மாவுக்கு அடியில் அந்த எண்ணைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம்.

குமாஸ்தாவை அந்தக் கடைக்கு அனுப்பினேன். அந்த பேட்ச் தீர்ந்துவிட்டதாம். தருமபுரி, ஓசூர், சேலம் என்று மூன்று ஊரில் தேடினோம். கிடைக்கவில்லை. இந்தப் பெண்ணுக்கு விற்றதாகவே எங்களுக்குத் தெரியாது என்று கடைக்காரர் எழுத்தில் கொடுக்கவும் தயார் என்றார். பில் இல்லையே.

குற்றச்சாட்டுக் கடிதம் வந்த 20 நாளுக்குள் ஒப்புக்கொண்டு தண்டனையையும் ஏற்றால் 4 வருஷத்தில் ஒரு வருஷம் குறையும். 17ஆம் நாள் மூவரும் உட்கார்ந்து பேசினோம். “நான் தெரிஞ்சு சாப்பிடலையே மேடம். ஒத்துக்கிட்டா தெரிஞ்சு சாப்பிட்டதா ஆயிடாதா?” என்றாள். விதிப்படி நீ ஒப்புக்கொள்வது உடம்பில் இருந்தது என்பதைத்தான் என்று விளக்கினேன். சட்டமாக அது சரிதான். ஊரில் அப்படிப் படிப்பார்களா? அவள் என்னை நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. கடைசியில் அம்மாதான், “மூணு வருசத்துல திரும்ப எறியலாம்ல? போடு கண்ணு” என்றார். போட்டாள். சண்டை போட்டிருக்கலாமோ என்று எனக்கு இன்னும் உறுத்துகிறது. கையில் இருந்ததெல்லாம் ஒரு காலி டப்பாவும், யார் நம்பருக்கோ பணம் போட்ட ஒரு பதிவும். அவற்றோடு அவளுடைய ஒரு வருஷத்தைப் பணயம் வைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இப்போது பயிற்சி எடுக்கும் பிள்ளைகள் யாராவது வந்தால் நான் சொல்வது: பவுடர் வேண்டவே வேண்டாம், முட்டையும் கடலையும் போதும் என்றுதான் ஆரம்பிப்பேன். கேட்கமாட்டார்கள். சரி, வாங்கினால் ஒரே பேட்சில் இரண்டாக வாங்கு, ஒன்றை உடைக்காமல் வை, பில்லை போனில் படம் பிடித்து உனக்கே மின்னஞ்சல் பண்ணு. அந்த மின்னஞ்சலை நீயே திற. பேட்ச் பேட்சாகச் சோதித்து இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் போன்ற முத்திரை பெற்றவை உண்டு. முத்திரையை நம்பாமல் அவர்கள் தளத்தில் பேட்ச் எண்ணைப் போட்டுப் பார். படிவத்தில் இருமல் மருந்து உட்பட எல்லாவற்றையும் எழுது.

போட்டிக்குப் போகாத சாதாரண ஆள், போலிப் பவுடர் வாங்கி ஏமாந்தால் வழி சுலபம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், தான் குடியிருக்கும் ஊரிலேயே, 2 வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. அங்கேயும் முதலில் கேட்பது பில்தான்.

என் ஆபீஸ் அலமாரியில் இப்போது பதினோரு டப்பாக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கேஸ் நம்பர் ஒட்டியிருக்கும். அறை முழுக்க வெனிலா வாசனை. பிஸ்கட் கம்பெனியில் வேலை பார்ப்பதுபோல இருக்கிறது என்று குமாஸ்தா முணுமுணுப்பார்.

போன மாதம் பென்னாகரத்து அம்மா ஏதோ பத்திர விஷயமாக வந்தவர் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். “கேஸ்தான் முடிஞ்சு போச்சுங்களே வக்கீலம்மா. அந்த டப்பாவைக் குடுத்துட்டீங்கன்னா மாவு போட்டு வெச்சுக்குவேன்” என்றார். எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். அதற்கு முன்னால் பெற்றுக்கொண்டதாக ஒரு தாளில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.